பாடாமல் பேசும் பாட்டு: ரெட் சோவைனின் லாரிக் கதைகள்

அமெரிக்காவின் கன்ட்ரி இசையில் ரெட் சோவைன் என்று ஒரு பாடகர் இருந்தார். லாரி டிரைவர்களின் கதைகளைச் சொல்லும் பாட்டுகளுக்காகவே இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் ஒன்றை முதன்முறை கேட்பவர் கொஞ்சம் குழம்பித்தான் போவார். கிட்டார் ஒலிக்கிறது, தாளம் நடக்கிறது, ஆனால் பாட்டு மட்டும் தொடங்குவதே இல்லை. ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். சில நிமிடம் கழித்துப் பேச்சு முடிகிறது, இசையும் நின்றுவிடுகிறது.

பாடத் தெரியாதவர் பேசிச் சமாளித்திருக்கிறார் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அழவைப்பதற்கென்றே எழுதிய மலிவான சரக்கு என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அந்தக் கதைகளை உண்மைச் சம்பவங்கள் என்று நம்பி மற்றவர்களுக்கும் அப்படியே சொல்கிறார்கள். மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இது ஒரு தனிப் பாட்டு வகை. அதற்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு, கேட்பவர் மனதில் வேலைசெய்யும் விதம் ஒன்றும் உண்டு. அந்த விதத்தைப் புரிந்துகொண்டால் சோவைனைக் கேட்கும் அனுபவமே மாறிவிடும். கன்ட்ரி இசையே தெரியாதவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

கன்ட்ரி என்றால் என்ன?

பெயரைப் பார்த்து இதை நாட்டுப்புற இசை என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். பாதிதான் சரி. இதன் வேர் அமெரிக்காவின் தென்பகுதி மலைக் கிராமங்களில் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களின் கதைப்பாடல்கள், கறுப்பின மக்களின் புளூஸ், தேவாலயப் பாட்டுகள் எல்லாம் அங்கே கலந்தன. ஆனால் நாம் இன்று கேட்கும் கன்ட்ரி, இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலியும் சேர்ந்து வளர்த்த தொழில்முறை இசை. 1927-ல் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு ஒரு குழு வந்தது. சுற்றுவட்டாரப் பாடகர்களை அழைத்துப் பாடவைத்துப் பதிவுசெய்தது. இந்த இசையின் வணிகக் கதையைப் பலரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

கதை சொல்வது இந்த இசையில் ஆரம்பத்திலிருந்தே இருந்த பழக்கம். யார், எங்கே, என்ன ஆயிற்று என்பதைப் பாட்டு சொல்லியாக வேண்டும். வரிகள் எளிமையாக, பேச்சுமொழிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து இன்னும் ஓர் அடி நகர்ந்தால் பாடுவதே பேச்சாகிவிடும்.

பேச்சு எப்படிப் பாட்டாகிறது?

ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் ஏதோ பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் இருக்கும் ஒருவர், "நேற்று ராத்திரி வரும்போது ஒன்று நடந்தது" என்று ஆரம்பிக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தானாகவே அவர் பக்கம் திரும்புகிறார்கள். பாட்டு அப்போது பின்னால் போய்விடுகிறது. ஆனாலும் அது நின்றுவிட்டால் கதையின் சுவை கொஞ்சம் குறையும்.

கன்ட்ரி இசையில் இதைத் திட்டமிட்டுச் செய்வதற்கு ரெசிடேஷன் என்று பெயர். தமிழில் பேச்சுப்பாட்டு என்று வைத்துக்கொள்வோம். இசைக்குழு ஒரு மெட்டை அடங்கிய ஒலியில் வாசிக்கும். பாடகர் அதன் மேல் வசனமாகக் கதை சொல்வார். சிலவற்றில் நடுவே ஒரு பல்லவியைப் பாடுவதும் உண்டு. சோவைனின் பெயர்பெற்ற பாட்டுகளில் கதை முழுவதுமே பேச்சுதான்.

ஏன் பாடக் கூடாது? பாடும்போது கேட்பவர் குரலைக் கவனிக்கிறார். சுருதி, இழைவு, உச்சஸ்தாயி என்று காது அதன் பின்னால் போகிறது. பேசும்போது அந்தக் கவனம் முழுக்கச் சொல்லப்படும் விஷயத்தின் மேல் விழுகிறது. பாடுகிறவர் மேடையில் இருக்கிறார், பேசுகிறவரோ நமக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பாட்டில் வரும் "நான்" யாராகவும் இருக்கலாம் என்று மனம் ஏற்றுக்கொள்ளும். பேச்சில் வரும் "நான்" என்றால் பேசுகிற ஆளேதான் என்று தோன்றிவிடும். இந்தக் கதைகளை உண்மை என்று பலர் நம்பியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் அழுகையை யார் சுமப்பது? ஸ்டீல் கிட்டார். இது மடியிலோ மேசைபோன்ற சட்டத்திலோ கிடைமட்டமாக வைத்து வாசிக்கும் கிட்டார். விரலால் தந்தியைக் கட்டையில் அழுத்துவதில்லை. ஓர் உலோகத் துண்டைத் தந்திகள் மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், இடையில் இருக்கும் எல்லா ஒலிகளையும் தொட்டுக்கொண்டு நழுவிப் போக முடியும். சித்திரவீணையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மனிதக் குரல் விம்மும்போதும் இப்படித்தான் நழுவுகிறது. ஆக, கதை சொல்பவர் குரல் உடையாமல் அமைதியாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அவருக்காக அந்தக் கருவி விம்மிக்கொள்ளும். பேசுகிறவர் எந்த அளவுக்கு அடக்கி வாசிக்கிறாரோ அந்த அளவுக்கு நமக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, சுருக்கமாக: பேச்சுப்பாட்டில் குரல் சாட்சி சொல்கிறது, உணர்ச்சியை இசை ஏந்திக்கொள்கிறது. இரண்டும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன.

இது சோவைன் கண்டுபிடித்ததா?

இல்லை. 1948-ல் டி. டெக்சஸ் டைலர் ஒரு சீட்டுக்கட்டை வைத்து பைபிள் கதை சொல்லும் சிப்பாயைப் பற்றி இதே முறையில் பேசி வெற்றி பெற்றார். அதைவிட முக்கியமானவர் ஹாங்க் வில்லியம்ஸ். கன்ட்ரி இசையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1950 முதல் அவர் பேச்சுப்பாட்டுகளை வெளியிட்டபோது தன் பெயரைப் போடவில்லை, "லூக் த டிரிஃப்டர்" என்று போட்டார். டிரிஃப்டர் என்றால் ஊர் ஊராக அலைபவன். பெயரை மறைத்ததன் காரணம் சுவையானது. அந்தக் காலத்தில் மதுக்கடைகளில் ஜூக்பாக்ஸ் இருக்கும். காசு போட்டால் இசைத்தட்டு சுழலும் பெட்டி அது. வில்லியம்ஸ் பெயர் இருந்தால் போதும், அந்தப் பெட்டிக்காரர்கள் கேட்டுப் பார்க்காமலே தட்டுகளை வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஆட வந்த கூட்டத்துக்கு நடுவே பாவமன்னிப்பு பற்றிய பேச்சு ஓடினால் யாருக்குப் பிடிக்கும்? அதனால்தான் இன்னொரு பெயர்.

பேச்சுப்பாட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று டாக்கிங் புளூஸ். 1926-ல் கிறிஸ் புஷில்லோன் பதிவுசெய்ததிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. அதில் வார்த்தைகள் தாளத்தின் மேலேயே அடி வைத்து நடக்கும், எதுகை வரும், பெரும்பாலும் நகைச்சுவை. பேச்சுப்பாட்டில் வாசகம் தாளத்தைச் சட்டைசெய்யாது. மூச்சு விடும் இடத்தில் நின்று, தேவைப்பட்டால் தயங்கி, மறுபடி தொடரும். ராப் இசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் இதேதான்: ராப்பில் தாளம்தான் எஜமான்.

ஏன் லாரி டிரைவர்?

கன்ட்ரி பாட்டில் ஒரு காலத்தில் தனி ஆளாக அலைந்தவன் கௌபாய். அவன் இடத்துக்கு லாரி டிரைவர் வந்தார். டெட் டாஃபன் எழுதி கிளிஃப் புரூனர் குழு 1939-ல் பதிவுசெய்த 'டிரக் டிரைவர்ஸ் புளூஸ்' லாரிப் பாட்டுகளின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இது ஒரு பெரும் போக்காக மாறியது 1960-களில்.

காரணம் சாலை. 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் ஏறக்குறைய 66,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளைத் திட்டமிட்டது. ரயிலில் போய்க்கொண்டிருந்த சரக்கில் கணிசமான பகுதி லாரிக்கு மாறியது. பதினெட்டுச் சக்கர லாரிகள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாட்கணக்கில் ஓடின. டிரைவர் வீட்டுக்கு வருவதே விருந்தாளி வருவதுபோல் ஆனது.

வழியில் டிரக் ஸ்டாப் என்ற நிறுத்தங்கள் முளைத்தன. டீசல், குளியலறை, இரவெல்லாம் சூடான காபி, மூலையில் ஒரு ஜூக்பாக்ஸ். பிற்பாடு, லாரியில் போட்டுக் கேட்கும் டேப்புகளும் அங்கேயே விற்பனைக்கு வந்தன. கன்ட்ரி இசைத்தொழிலின் மையமான நாஷ்வில் நகரின் ஸ்டார்டே என்ற இசைத்தட்டுக் கம்பெனி இந்தச் சந்தையைச் சரியாகப் பிடித்தது. சோவைனின் புகழ்பெற்ற லாரிப் பாட்டுகள் அந்தக் கம்பெனியில்தான் வந்தன.

இரவு வானொலியும் இதில் பெரும்பங்கு வகித்தது. மத்திய அலை வானொலி பகலில் குறிப்பிட்ட தூரம்தான் போகும். சூரியன் மறைந்ததும் வானத்தின் மேலடுக்கில் ஒரு மாற்றம் நடக்கிறது. பகலில் அந்த அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அடுக்கு கரைந்துபோக, அதற்கு மேலே இருக்கும் அடுக்கு அலைகளைக் கண்ணாடிபோல் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. 50,000 வாட் நிலையம் ஒன்றை அப்போது பல மாநிலங்கள் தாண்டியும் கேட்கலாம். 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் டெக்சஸில் பில் மாக், நியூ ஆர்லியன்ஸில் சார்லி டக்ளஸ் போன்றவர்கள் விடிய விடிய லாரி டிரைவர்களுக்கென்றே நிகழ்ச்சி நடத்தினார்கள். இருட்டு, நீண்ட சாலை, தூக்கத்தோடு போராடும் ஒரு மனிதன், காதருகே நட்பாகப் பேசும் ஒரு குரல். பேச்சுப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேட்பவர் கிடைக்க மாட்டார்.

எல்லா லாரிப் பாட்டும் உருக்கமானவை அல்ல. 1963-ல் டேவ் டட்லி பாடிய 'சிக்ஸ் டேஸ் ஆன் த ரோட்' முழுக்க மார்தட்டல். ஆறு நாள் ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவன் எடை பார்க்கும் நிலையத்துக்கு டிமிக்கி கொடுத்ததையும், தூங்காமல் இருக்க மாத்திரை போட்டதையும் பெருமையாகச் சொல்வான். 1966-ல் கே ஆடம்ஸ் என்ற பெண், பெண் டிரைவர் ஒருவரின் குரலில் பாடி வெற்றி கண்டார். சோவைன் எடுத்துக்கொண்டது இவற்றின் மறுபக்கம். ஆறாம் நாள் முடிவில் வீட்டில் யாரும் இல்லாமல் போனால்?

அப்பாவும் மகனும்

அந்தக் கேள்விக்கு 1965-ல் வந்த 'கிடியப் கோ' என்ற பாட்டில் பதில் வருகிறது. கிடியப் என்பது குதிரையை ஓடச் சொல்லி அதட்டும் சொல். கதை சொல்பவர் வயதான டிரைவர். அவர் முதன்முதலில் லாரி வாங்கியபோது சின்ன மகன் அதைப் பார்த்து "கிடியப் கோ" என்று கத்தினான். அதையே லாரிக்குப் பெயராக வைத்தார். பிறகு ஒருநாள் வீடு திரும்பும்போது மனைவியும் பிள்ளையும் போய்விட்டிருக்கிறார்கள். காலம் ஓடுகிறது. ஒருநாள் நெடுஞ்சாலையில் பளபளப்பான புது லாரி ஒன்று அவரை முந்துகிறது. அதன் பின்னால் அதே பெயர்.

டிரக் ஸ்டாப்பில் அந்த இளைஞனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கிறார். அப்பா லாரி ஓட்டியவர், அவர் லாரியின் பெயர் இது என்று அவன் சொல்கிறான். அம்மா இறந்துவிட்டார். அப்பா எங்கே என்று தெரியவில்லை. பெரியவர் "நான்தான் உன் அப்பா" என்று சொல்வதில்லை. வெளியே கூட்டிப்போய்த் தன் பழைய லாரியைக் காட்டுகிறார், அதன் மேலிருக்கும் அழுக்கைத் துடைத்து. அவன் அந்தப் பெயரைப் படிக்கிறான்.

இந்தப் பாட்டு, வாராவாரம் வெற்றிப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஏன் பிடித்தது என்பதற்கு அந்த அழுக்குத் துடைப்பே போதுமான பதில் என்று நான் நினைக்கிறேன். உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்காமல் ஒரு பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். நல்ல பேச்சுப்பாட்டில் இப்படி ஒரு பொருள் இருக்கும்.

பேய்க்கதையைத் தலைகீழாக்கிய பாட்டு

1967-ல் வந்த 'ஃபாண்டம் 309' எனக்கு இவற்றிலேயே மிகவும் பிடித்தது. எழுதியவர் டாமி ஃபெய்ல். மேற்குக் கரையில் பிழைக்கப் போய்த் தோற்ற ஒருவன், சொந்த ஊருக்குத் திரும்ப வழியில் வருகிற வண்டிகளிடம் லிஃப்ட் கேட்டுக்கொண்டு நிற்கிறான். மழை, இரவு, ஒரு நாற்சந்தி. பெரிய லாரி ஒன்று நிற்கிறது. ஓட்டுபவர் தன் பெயர் பிக் ஜோ என்கிறார். லாரியின் பெயர் ஃபாண்டம் 309. ஃபாண்டம் என்றால் ஆவி, மாயத்தோற்றம். பேசிக்கொண்டே போகிறார்கள். ஒரு டிரக் ஸ்டாப் வெளிச்சம் தெரிந்ததும் ஜோ அவனை இறக்கிவிட்டு, என் கணக்கில் ஒரு காபி குடி என்று பத்து சென்ட் நாணயத்தைத் தருகிறார்.

உள்ளே போய் ஜோவின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள். கடைக்காரர் முகம் வெளுக்கிறது. பல வருடங்களுக்கு முன் அதே நாற்சந்தியில் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த பேருந்து ஒன்று ஜோவின் லாரிக்குக் குறுக்கே வந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் லாரியைத் திருப்பினார், அதில் இறந்துபோனார். அவ்வப்போது இப்படி யாராவது வழிப்போக்கர் அவர் லாரியில் ஏறி வருவதுண்டு. அந்த நாணயத்தை நீயே வைத்துக்கொள் என்கிறார் கடைக்காரர்.

வழியில் லிஃப்ட் கேட்டு ஏறியவர் மாயமாக மறைந்துவிடும் கதை உலகம் பூராவும் வழங்குகிறது. ஏறியவர் எப்போதோ இறந்தவர் என்று பிறகு தெரியவரும். நாட்டார் கதைகளை ஆய்பவர்கள் இதைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பாட்டில் அது தலைகீழாகிறது. ஏறியவன் உயிரோடு இருக்கிறான், ஓட்டியவர்தான் ஆவி. அந்த ஒரு மாற்றம் பயத்தை எடுத்துவிட்டு நன்றியுணர்வைக் கொண்டுவருகிறது. இந்த ஆவி யாரையும் பழிவாங்கவில்லை. உயிரோடு இருந்தபோது செய்த காரியத்தை, அதாவது சாலையில் தவிக்கிறவனுக்குக் கைகொடுப்பதை, இப்போதும் செய்துகொண்டிருக்கிறது.

கதையைப் பரிமாறும் வரிசையையும் பாருங்கள். நாற்சந்தி முதலிலேயே வந்துவிடுகிறது, ஆனால் அது வெறும் இடமாகத்தான் தெரிகிறது. நாணயம் வருகிறது, அது வெறும் தயவாகத் தெரிகிறது. கடைக்காரர் பேசி முடித்த பிறகு இரண்டுக்கும் வேறு அர்த்தம் வந்து, கேட்டதையெல்லாம் மனம் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. இந்தக் கதை பாடப்பட்டிருந்தால் இப்படி நடக்காது. பல்லவி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் "ஆவி, ஆவி" என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சில் பல்லவி இல்லை, அதனால் ரகசியத்தைக் கடைசிவரை பொத்தி வைக்கலாம். 1975-ல் டாம் வெய்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் இந்தக் கதையைத் தன் கரகரத்த குரலில் சொல்லிப் பதிவுசெய்தார். கன்ட்ரி பக்கமே வராத பல ரசிகர்களுக்கு இது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியவை: கதை "நான்" என்று சொல்லப்படுகிறது, சாதாரணப் பொருள் ஒன்று உணர்ச்சியைச் சுமக்கிறது, முக்கியமான தகவல் கடைசிக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

சி.பி. ரேடியோ: ஒரு சின்ன இடைவேளை

சோவைனின் மிகப் பெரிய வெற்றியைப் புரிந்துகொள்ள ஒரு கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். சி.பி. ரேடியோ என்பது பொதுமக்கள் பேசிக்கொள்வதற்காக அமெரிக்க அரசு ஒதுக்கிய அலைவரிசையில் இயங்கும் சின்ன வானொலிப் பெட்டி. போன் என்பது இருவர் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது. சி.பி. என்பது இருட்டான கூடத்தில் பலர் உட்கார்ந்திருக்க, ஒருவர் பேச எல்லோரும் கேட்பது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டும் முடியாது. சக்தி 4 வாட்தான், ஆகவே சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். லாரி நகர நகர, குரல்கள் வரும், மங்கும், மறையும்.

யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. ஆளுக்கொரு புனைபெயர் உண்டு, அதை ஹேண்டில் என்பார்கள். டிரைவர்கள் கூடுவது பெரும்பாலும் 19-ஆம் சானலில்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டீசல் விலை ஏறியது, பல இடங்களில் கிடைக்கவே இல்லை. எரிபொருளை மிச்சப்படுத்த 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், என்று வேக வரம்பு வைக்க ஒரு சட்டம் வந்தது. ஓடுகிற மைலுக்குக் கூலி வாங்குகிறவருக்கு வேகம் குறைந்தால் வருமானம் குறையும். டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிற்கிறது என்று டிரைவர்கள் சி.பி.யில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அதன் வழியாகவே சேர்ந்து போராடவும் செய்தார்கள். இதைப் பார்த்து கார் வைத்திருந்த சாதாரண மக்களும் பெட்டி வாங்கினார்கள். 1976 ஜனவரியில் சி.டபிள்யூ. மெக்கால் என்ற பெயரில் வந்த 'கான்வாய்' எல்லா வகைப் பாட்டுகளும் போட்டியிடும் அமெரிக்காவின் பொதுப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது. அதுவும் பேச்சுதான், ஆனால் சி.பி. குழூஉக்குறிகளைத் தாளத்தில் கொட்டும் குறும்பான பேச்சு. பேச்சுப்பாட்டைவிட டாக்கிங் புளூஸுக்குத்தான் நெருக்கம்.

டெடி பேர்

அதே ஆண்டின் நடுவில் சோவைனின் 'டெடி பேர்' வந்தது. நகருக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும் டிரைவர் ஒருவர் சி.பி.யில் ஒரு சிறுவனின் குரலைக் கேட்கிறார். அவன் ஹேண்டில் டெடி பேர். நடக்க முடியாதவன். லாரி ஓட்டிய அப்பா பனியில் நடந்த விபத்தில் இறந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போய்விடுவதால், அப்பாவின் ரேடியோவே அவனுக்குத் துணை. அப்பா ஊர் திரும்பும்போதெல்லாம் லாரியில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போவார், இனி அது இல்லை என்கிறான். டிரைவர் சரக்கை மறந்து, முகவரி கேட்டு, லாரியைத் திருப்புகிறார். அந்தத் தெருவுக்குப் போனால் மூன்று தெரு நீளத்துக்கு லாரிகள் வரிசையில் நிற்கின்றன.

சி.பி.க்குச் சொன்ன அந்த இருட்டான கூடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கதை சொல்பவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. அவரும் சிறுவனும் தனியே பேசியதாகத்தான் நமக்கும் தோன்றியிருந்தது. ஆனால் சி.பி.யில் தனிமை என்பதே கிடையாது. அக்கம்பக்கத்தில் ஓடிய ஒவ்வொரு லாரியிலும் அந்த முகவரி கேட்டிருக்கிறது. யாரும் குறுக்கே பேசவில்லை, வண்டியைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். அந்த லாரி வரிசையை வெறும் மிகை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பாட்டின் உச்சம் அந்தக் கருவி இயங்கும் விதத்திலிருந்தே நேராக முளைக்கிறது.

சிறுவனுக்காகச் சோவைன் ஒரு குழந்தையைப் பேசவைக்கவில்லை. எல்லாம் அவர் ஒருவர் குரலே. நேரில் ஒருவர் நமக்குக் கதை சொல்லும்போதும் அப்படித்தானே இருக்கும்? கடைசியில் தாயும் ரேடியோவில் வந்து நன்றி சொல்கிறார். அந்த இடம் எனக்குச் சற்று அதிகமாகவே படுகிறது. லாரி வரிசையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் பாட்டு கன்ட்ரி பட்டியலில் மூன்று வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் 40-ஆம் இடம். 1978-ல் ஜானி ஹில் ஜெர்மன் மொழியில் இதைச் சொன்னபோது அங்கேயும் பெரும் வெற்றி.

கதை கற்பனை. பாட்டுக்கு நால்வர் பெயர் இருக்கிறது: டேல் ராயல், பில்லி ஜோ பர்னெட், டாமி ஹில், சோவைன். நான்கு பேர் சேர்ந்து அமைத்த கதை நம்மை நம்பவைக்கிறது என்றால் அது அந்த வடிவத்தின் வலிமை.

பேசத் தேர்ந்தெடுத்தவர்

சோவைன் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். இயற்பெயர் உட்ரோ வில்சன் சோவைன். இளவயதில் வானொலியில் பாடிக்கொண்டே காலுறை ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராகவும் இருந்தார். லாரி ஓட்டிப் பிழைத்தவர் என்று பலர் நினைப்பது பாட்டில் வரும் "நான்" செய்த வேலை. 1940-களின் கடைசியில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் நடந்த 'லூசியானா ஹேரைட்' வானொலி மேடைக்குப் போனார். அங்கே ஹாங்க் வில்லியம்ஸ் அவருக்கு உதவினார். வில்லியம்ஸ் அங்கிருந்து போனபோது அந்த இடம் சோவைனுக்குக் கிடைத்தது. பேச்சுப்பாட்டின் பெரிய ஆளோடு அவருக்கு இருந்த அந்த நெருக்கத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பாடத் தெரியாதவர் என்ற பேச்சுக்கு 1956 பதில் சொல்லும். அந்த வருடம் வெப் பியர்ஸ் என்ற கன்ட்ரி பாடகரோடு சேர்ந்து அவர் பாடிய 'வை பேபி வை' கன்ட்ரி பட்டியலில் முதலிடம். வாயார, வேகமாகப் பாடிய பாட்டு. அதன் பிறகு அவருக்கு நீண்ட வறட்சி. கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்துப் பாடாமல் பேசியபோதுதான் மீண்டும் உச்சிக்கு வந்தார். பாடவும் முடிந்தவர் பேசுவதைத் தேர்ந்தெடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் மொன்டானா மாநிலத்தில் ஒரு கறுப்பின இளைஞர் பாடியதைச் சோவைன் கேட்டார். நாஷ்வில்லுக்கு வா என்று ஊக்கம் கொடுத்தார். அவர்தான் சார்லி பிரைட், பிற்பாடு கன்ட்ரி இசையின் முதல் கறுப்பின உச்ச நட்சத்திரம்.

1980 ஏப்ரல் 4-ஆம் தேதி நாஷ்வில்லில் தன் வேனை ஓட்டிக்கொண்டிருந்தபோது சோவைனுக்கு மாரடைப்பு வந்தது. வண்டி விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். அடுத்த ஆண்டு 'டெடி பேர்' பிரிட்டனின் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் 'வை பேபி வை'. அவர் குரல் பாடும்போது எப்படி இருக்கிறது என்று காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் 'கிடியப் கோ', பிறகு 'ஃபாண்டம் 309'. ஆங்கிலம் முழுக்கப் பிடிபடவில்லை என்றாலும் பரவாயில்லை, கதைதான் இப்போது தெரியுமே. 'ஃபாண்டம் 309'-ஐ இரண்டு முறை கேளுங்கள். இரண்டாம் முறை, அந்த நாற்சந்தியில் லாரி வந்து நிற்கும் இடத்தில், ஓட்டுபவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஏறப்போகிறவனுக்குத் தெரியாது.